வடிகட்டிய பின்னும் மிஞ்சுவது

"கொஞ்சம் வாயைக் கட்டுங்கம்மா, எல்லாம் சரியாயிடும்." ஒன்பது வருடமாக இந்த ஒரே வாக்கியத்தைக் கேட்டு வருகிறேன். சொன்னவர்கள் யாரும் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. ஆனாலும் கேட்கிறவளுக்கு அது தீர்ப்பு மாதிரிதான் விழும். ரத்தப் பரிசோதனைத் தாளில் மூன்று மாத சர்க்கரை சராசரி 8.4 என்று இருந்தால், பக்கத்திலேயே கண்ணுக்குத் தெரியாத மையில் 'இவள் தின்றிருக்கிறாள்' என்றும் எழுதியிருப்பதாக எனக்குத் தோன்றும். சாப்பிட்டதையெல்லாம் குறித்துவைக்க ஒரு நோட்டு போட்டேன். இரண்டு வருடம், ஒரு நாள் விடாமல் எழுதினேன். என்ன, எவ்வளவு, எத்தனை மணிக்கு, இரண்டு மணி நேரம் கழித்து விரலைக் குத்திப் பார்த்தபோது வந்த எண் எவ்வளவு, எல்லாம் அதில் இருக்கிறது. அதே சாப்பாடு, அதே அளவு, அதே நேரம். ஒரு நாள் 148, இன்னொரு நாள் 211. அந்த நோட்டைக் கொண்டுபோய்க் கொடுத்தபோது ஒரு மருத்துவர் புரட்டிக்கூடப் பார்க்காமல் மேசையின் ஓரத்தில் தள்ளிவைத்தார். நோட்டு இன்னும் என்னிடம்தான் இருக்கிறது.

எனக்கும் அண்ணனுக்கும் இரண்டு வயது வித்தியாசம். ஒரே அடுப்பில் வெந்ததைச் சாப்பிட்டு வளர்ந்தவர்கள். அப்பாவுக்குச் சர்க்கரை, அவருடைய அம்மாவுக்கும் சர்க்கரை. பரம்பரை என்றால் அவனுக்கும்தான் வந்திருக்க வேண்டும். என்னைவிட அதிகம் சாப்பிடுவான், நடக்கவே மாட்டான், நாள் முழுக்க நாற்காலி. அறுபதை நெருங்குகிறான், வெறும் வயிற்றில் 92. ஒருநாள் பேச்சுவாக்கில், "உனக்கு மனக்கட்டுப்பாடு பத்தாது" என்றான். பாசத்தில் சொன்னதுதான். அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. ஒரே வீட்டில் வளர்ந்த இரண்டு உடம்புக்குள் அப்படி என்னதான் வேறாக இருக்கிறது என்ற கேள்வி அன்றைக்கு உள்ளே போய் உட்கார்ந்தது. இந்தக் கட்டுரை அதிலிருந்து வந்ததுதான்.

அவனுடைய மகள் நுண்ணுயிரியலில் ஆராய்ச்சி மாணவி. பாக்டீரியாவைத் தாக்கும் வைரஸ்களோடுதான் அவள் பொழுது கழிகிறது. ஆன்டிபயாடிக்குக்கு அடங்காத தொற்றுகளை, ஃபேஜ் எனப்படும் அந்த வைரஸ்களைக் கொண்டு தீர்ப்பது அவள் துறை. நான் கேட்டுக்கேட்டு நச்சரித்ததில், ஒருநாள் ஓர் ஆய்வைப் பற்றிச் சொன்னாள். "அத்தை, இது எலியில பண்ணது. முதல்லயே சொல்லிட்டேன், எலியில." அவள் இரண்டு முறை சொன்ன அந்தச் சொல்லை நான் காதில் வாங்கவே இல்லை.

2020இல் வெளிவந்தது அது. கோபன்ஹேகன் பல்கலைக்கழகத்தில் செய்தார்கள். கொழுப்பு குறைந்த தீனியில் ஒல்லியாக வளர்ந்த எலிகளின் குடலில் இருந்ததை எடுத்து, வடிகட்டி, பாக்டீரியாவை நீக்கி, மிஞ்சிய வைரஸ்களை மட்டும் கொழுப்புத் தீனி தின்னும் எலிகளுக்குக் கொடுத்தார்கள். அந்த எலிகள் தொடர்ந்து அதே கொழுப்புத் தீனியைத்தான் தின்றன. ஆனால் வைரஸ் கிடைக்காத எலிகள் அளவுக்கு எடை ஏறவில்லை. குளுக்கோஸ் கொடுத்துப் பார்த்தபோது, ஒல்லி எலிகளைப் போலவே ரத்தத்தில் சர்க்கரையைச் சமாளித்தன. அதே தீனி! எனக்கு அந்த இடத்தில் கண் கலங்கிவிட்டது. தட்டில் எதையும் மாற்றாமல், யாரும் வாயைக் கட்டாமல், ஓர் எலியின் உடம்பு சர்க்கரையை வேறு மாதிரி கையாண்டிருக்கிறது. என் நோட்டில் 148க்கும் 211க்கும் நடுவே விடை தெரியாமல் கிடந்த இடைவெளிக்குள் அந்த வைரஸ்களைக் கொண்டுபோய் வைத்துப் பார்த்தேன். பொருந்துகிற மாதிரிதான் இருந்தது.

வைரஸ் என்றாலே நாம் சளி, காய்ச்சல், பெருந்தொற்று என்றுதான் பழகியிருக்கிறோம். குடலில் இருப்பவற்றில் பெரும்பகுதி நம்மைத் தொடுவதே இல்லை. அவற்றின் இரை பாக்டீரியா. ஒரு கிராம் மலத்தில் நூறு கோடி முதல் ஆயிரம் கோடி வரை இருக்கும். 1917இல் ஃபெலிக்ஸ் தெரெல் என்ற விஞ்ஞானி 'பாக்டீரியா தின்னி' என்ற பொருளில் இவற்றுக்குப் பெயர் வைத்து நூறு வருடம் தாண்டியும், குடலில் இருப்பவை யார் யார் என்ற கணக்கு முடியவில்லை. மனிதக் குடலில் மிகப் பரவலாக இருக்கும் ஃபேஜ்களில் ஒன்றான கிராஸ்ஃபேஜ் 2014இல்தான் அகப்பட்டது. அதுவும் நுண்ணோக்கியில் இல்லை. வேறு வேலைக்காக ஏற்கெனவே சேர்த்துவைத்திருந்த மரபணுத் தரவுக் குவியலைக் கணினியில் ஒட்டிப் பார்த்தபோது, சுமார் 97,000 எழுத்து நீளத்தில் ஒரு வைரஸ் முழுசாக எழுந்து வந்தது. அத்தனை பேர் வயிற்றிலும் இருந்திருக்கிறது, யார் கண்ணிலும் படாமல்.

ஆனால் என்னை அசைத்த ஆய்வு வேறு, அதற்கும் முந்தையது. 2010இல் ஒரே கருவில் பிறந்த நான்கு ஜோடி இரட்டைச் சகோதரிகளையும் அவர்களின் தாய்மார்களையும் ஒரு வருடம் தொடர்ந்து பார்த்தார்கள். குடும்பத்துக்குள் பாக்டீரியாக்களில் ஒரு சாயல் இருந்தது. வைரஸ்களில் அந்தச் சாயல் இல்லை. மரபணு ஒன்றேயான இரட்டையருக்குள்ளும் ஒருத்தியின் வைரஸ் கூட்டம் இன்னொருத்தியுடையது போல இல்லை. அதே சமயம், ஒரே ஆளுக்குள் பார்த்தால் வருட முடிவிலும் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்துக்கு மேல் அப்படியே இருந்தன. உள்ளே குடியேறியவை குடியிருப்பை மாற்றிக்கொள்வதில்லை. இரட்டைப் பிறவிகளுக்கே இப்படி என்றால், இரண்டு வருட இடைவெளியில் பிறந்த எனக்கும் அண்ணனுக்கும் என்ன சொல்வது? அவனைக் கூப்பிட்டுச் சொன்னேன். "அப்ப நான் புண்ணியம் பண்ணிருக்கேன்" என்றான். கோபம்தான் வந்தது.

கலங்கலான ஓட்டை

நான் நச்சரித்ததைத் தாங்காமல், அண்ணன் மகள் என்னை ஆய்வுக்கூடத்துக்கே கூட்டிப்போனாள். அந்த அரை மணி நேரத்தைக் கொஞ்சம் நிதானமாக எழுத வேண்டும், ஏனென்றால் என் எண்ணம் திரும்பியது அங்கேதான்.

கழிவுநீர் மாதிரியைச் சுழற்றித் தெளியவைத்து, ஊசிக் குழாயில் உறிஞ்சி, முனையில் பொத்தான் அளவு வடிகட்டி ஒன்றைத் திருகினாள். அதன் துளைகள் 0.22 மைக்ரான்; ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. பாக்டீரியா பொதுவாக ஒரு மைக்ரானுக்கு மேல் நீளம், அதனால் தங்கிவிடும். ஃபேஜ் அதில் பத்தில் ஒரு பங்கு, தாண்டிவிடும். கட்டைவிரலால் அழுத்த அழுத்த, வெளிறிய மஞ்சள் நீர் சொட்டுச் சொட்டாக விழுந்தது. கண்ணுக்கு வெறும் தண்ணீர். இளஞ்சூட்டில் இளகியிருந்த அகர் என்ற ஜெல்லியில் அதில் ஒரு துளியையும் பாக்டீரியா வளர்ப்பு ஒரு துளியையும் கலந்து, தட்டில் ஊற்றி, சாய்த்துச் சாய்த்துப் பரப்பினாள். அதை 37 டிகிரியில் வைத்துவிட்டு, முந்தின நாள் போட்ட தட்டை எடுத்து வெளிச்சத்துக்கு நேரே பிடித்தாள்.

தட்டு முழுக்கப் பனி படிந்த கண்ணாடி மாதிரி பாக்டீரியா படர்ந்திருந்தது. நடுநடுவே கடுகளவு வட்டங்கள். அந்த இடங்களில் மட்டும் பனி துடைத்தெடுத்தது போலத் தெளிவாக இருந்தது. ஒவ்வொரு வட்டமும் ஒரே ஒரு ஃபேஜில் தொடங்கியதாம். ஒரு பாக்டீரியாவுக்குள் போய், பல்கி, அதை வெடித்து வெளியே வந்து, அடுத்ததற்குள் போய், ஒரே ராத்திரியில் கண்ணுக்குத் தெரியும் அளவு ஓட்டை போட்டிருக்கிறது. "இதைத்தான் மருந்தா கொடுப்போம்" என்றாள். எனக்குப் புரிந்துவிட்டது என்று நினைத்தேன். என் குடலிலும் ஏதோ ஒரு கெட்ட பாக்டீரியா இப்படிப் பனியாகப் படர்ந்திருக்கிறது, அதற்கான ஃபேஜைக் கொடுத்தால் ஓட்டை விழும், சர்க்கரை இறங்கும்.

அப்போதுதான் தட்டின் ஓரத்தில் இன்னொரு மாதிரி வட்டம் கண்ணில் பட்டது. அதுவும் வட்டம்தான். ஆனால் நடுவில் மங்கலாக, மோர் சிந்திக் காய்ந்த மாதிரி இருந்தது. இது என்ன என்று கேட்டேன். "அது வேற ரகம் அத்தை. கொல்லாமலும் இருக்கும். பாக்டீரியாவோட மரபணுவிலேயே தன்னைச் சொருகிக்கிட்டு அமைதியா உட்கார்ந்துடும். பாக்டீரியா ரெண்டாப் பிரிஞ்சா இதுவும் கூடவே பிரியும். நடுவுல கலங்கலா தெரியுது இல்ல, அது பொழைச்ச பாக்டீரியா. ஒவ்வொண்ணுக்குள்ளேயும் இந்த ஃபேஜ் இருக்கு. சிகிச்சைக்கு இதை எடுக்க மாட்டோம். தெளிவான ஓட்டை மட்டும்தான்."

குடலில் எந்த ரகம் அதிகம் என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, "இந்தக் கலங்கல் ரகம்தான்" என்றாள்.

வீடு திரும்பும் வழியெல்லாம் அந்தப் பதில்தான் ஓடிக்கொண்டிருந்தது. தொற்றுக்கு ஃபேஜ் சிகிச்சை என்பது வேட்டை. எதிரி யாரென்று தெரியும், அவனுக்கேற்ற ஆளைத் தேடி அனுப்புகிறோம். 2016இல் சான் டியாகோவில் டாம் பேட்டர்சன் என்ற பேராசிரியர் எந்த ஆன்டிபயாடிக்குக்கும் அடங்காத அசினெட்டோபாக்டர் என்ற பாக்டீரியாவின் தொற்றிலிருந்து ஃபேஜால் பிழைத்து எழுந்தது அப்படித்தான். என் வியாதி அந்த வகையில் சேருமா? குடலுக்குள் பெரும்பாலான ஃபேஜ்கள் வேட்டையாடிக்கொண்டிருக்கவில்லை, குடித்தனம் நடத்துகின்றன. எலிக் கதையைக் கேட்டு என் மனதில் வரைந்து வைத்திருந்த படம் முழுவதும் தெளிவான ஓட்டைகளால் ஆனது. அந்தப் படத்தை நான் அழிக்க வேண்டியிருந்தது.

இருபத்துநான்கு பேர்

ஆம்ஸ்டர்டாமில் மனிதர்களிடம் செய்து பார்த்த ஒரு சோதனையை அதற்குப் பிறகுதான் உட்கார்ந்து ஒழுங்காகப் படித்தேன். அதே ஊரில் 2012இல் ஒரு நல்ல செய்தி வந்திருந்தது. ஒல்லியானவர்களின் மலத்தை முழுசாக, பாக்டீரியாவோடு சேர்த்து, மெட்டபாலிக் சிண்ட்ரோம் (இடுப்புக் கொழுப்பு, ரத்த அழுத்தம், சர்க்கரை போன்றவை கூட்டாக ஏறும் நிலை) உள்ள ஆண்களின் குடலில் சேர்த்தபோது, ஆறு வாரத்தில் இன்சுலினுக்கு அவர்கள் உடம்பு முன்பைவிட நன்றாகச் செவிசாய்த்தது. அடுத்த கேள்வி இயல்பானது. வேலை செய்தது பாக்டீரியாவா, கூடவே வந்த வைரஸா? 2023இல் பதில் தேடினார்கள். மெட்டபாலிக் சிண்ட்ரோம் உள்ள 24 பேர். சிலருக்கு ஆரோக்கியமானவர்களின் மலத்தை வடிகட்டிய நீர், சிலருக்குப் போலி நீர். யாருக்கு எது போனது என்று கொடுத்தவருக்கும் தெரியாது, வாங்கியவருக்கும் தெரியாது. பாதுகாப்பில் குறையில்லை. குடலின் வைரஸ் கூட்டத்தில் இரண்டே நாளில் மாற்றம் தெரிந்தது. குளுக்கோஸைச் சமாளிப்பதில் மட்டும் இரு தரப்புக்கும் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை.

அந்த வரியை மூன்று தடவை படித்தேன். ஏதாவது சந்து கிடைக்காதா என்று தேடினேன். 24 பேர் என்பது சின்னக் கூட்டம்தான், ஒரே ஒரு முறை கொடுத்துப் பார்த்த முன்னோட்டம்தான், இதை வைத்து முடிந்தது என்று யாரும் சொல்ல முடியாது. எல்லாம் சரி. ஆனால் நான் தேடியது மருந்துக்கான சந்து இல்லை என்பது அப்போதுதான் எனக்கே உறைத்தது. எனக்கு வேண்டியிருந்தது விடுதலை. குற்றம் உன் நாக்கில் இல்லை, உன் குடலில் நீ அழைக்காமல் வந்து குடியேறியவர்களிடம் இருக்கிறது என்று யாராவது முத்திரை குத்தித் தர வேண்டும். அதற்காக ஓர் எலிச் சோதனையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டேன். அண்ணன் மகள் சொன்ன 'எலியில' என்ற சொல் அன்றைக்குத்தான் என் காதில் விழுந்தது.

வடிகட்டிய நீரைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். ஜெர்மனியின் கீல் நகரில் விடாத குடல் தொற்றால் அவதிப்பட்ட ஐந்து பேருக்கு உயிருள்ள பாக்டீரியா இல்லாத மல வடிநீரைக் கொடுத்து, ஐந்து பேருக்கும் நோய் அடங்கியது. 2017இல் வந்த அந்த ஆய்வு இந்தத் துறைக்கே பெரிய உற்சாகம் கொடுத்தது. ஆனால் வடிகட்டியைத் தாண்டுவது ஃபேஜ் மட்டுமா? செத்த பாக்டீரியாவின் துணுக்குகள், அவை சுரந்த வேதிப்பொருள்கள், அவற்றின் மரபணுத் துண்டுகள் என்று எத்தனையோ தாண்டும். அந்த ஆய்வாளர்களே அதைத்தான் சொன்னார்கள். குணம் தந்தது எது என்று அந்த மஞ்சள் நீரிடம் கேட்டால் பதில் வராது.

இன்னொரு கவலையும் இருக்கிறது. கிராம் நெகட்டிவ் என்ற வகை பாக்டீரியா வெடிக்கும்போது அதன் சுவரிலிருந்து எண்டோடாக்ஸின் என்ற நச்சுப்பொருள் சிதறும். அதே பொருள் கொஞ்சம் கொஞ்சமாக ரத்தத்தில் கசிவதுதான் மெல்லிய அழற்சியைக் கிளப்பி இன்சுலினை மந்தமாக்குகிறது என்று 2007இலேயே எலிகளில் காட்டியிருக்கிறார்கள். சர்க்கரைக்காரரின் குடலில் கண்மண் தெரியாமல் பாக்டீரியாவை உடைப்பது நல்லதுதானா என்று யோசிக்காமல் ஃபேஜைக் கொண்டாடுவதை நான் நிறுத்திக்கொண்டேன்.

ஆள் அகப்பட்ட இடங்கள்

அதற்காக நம்பிக்கையை மூட்டை கட்டிவைக்கவில்லை. வேட்டை பொருந்துகிற இடங்களும் இருக்கின்றன. சீனாவில் ஒருவருக்கு மோசமான ஃபேட்டி லிவர். மது தொடாமலே, மாவுச்சத்து சாப்பிட்டாலே ரத்தத்தில் ஆல்கஹால் ஏறும். குடலைத் துழாவியபோது கிளெப்சியெல்லா நிமோனியே என்ற பாக்டீரியாவின் ஒரு ரகம் உள்ளேயே சாராயம் காய்ச்சிக்கொண்டிருந்தது. 2019இல் அதை எலிகளுக்குக் கொடுத்தார்கள், எலிகளுக்கும் ஈரலில் கொழுப்பு படிந்தது. அங்கே பார்த்த ஃபேட்டி லிவர் நோயாளிகளில் 60 சதவீதம் பேர் வரை இப்படி ஆல்கஹால் சுரக்கும் ரகங்களைச் சுமந்தார்கள். 2023இல் அந்த ரகத்தை மட்டும் குறிவைக்கும் ஃபேஜை எலிகளுக்குக் கொடுத்தபோது ஈரல் தேறியது. அந்த நோயாளியை நினைத்தால் மனது என்னவோ செய்கிறது. குடிக்காத மனிதர், குடிக்கவில்லை என்று எத்தனை பேரிடம் சத்தியம் பண்ணியிருப்பார்.

2013இல் ஷாங்காயில் இருந்து வந்த இன்னொரு ஆய்வை என்னால் இன்னும் ஒரு பக்கமாக ஒதுக்க முடியவில்லை. 174.8 கிலோ எடையுள்ள ஓர் இளைஞர். அவர் குடல் பாக்டீரியாவில் 35 சதவீதம் என்டெரோபாக்டர் என்ற ஒரே இனம். உணவு முறையை மாற்றியதும் அது கிட்டத்தட்ட மறைந்தது. ஒன்பது வாரத்தில் 30.1 கிலோ குறைந்தார். அவரிடமிருந்து பிரித்தெடுத்த ரகத்தை, கிருமியே இல்லாமல் வளர்த்த எலிகளுக்குக் கொழுப்புத் தீனியோடு கொடுத்தால் அவை குண்டாயின. இங்கே குற்றவாளி கிருமியா, தீனியா? கொழுப்புத் தீனி மட்டும் கொடுத்தால் எலி குண்டாகவில்லை. கிருமியை மட்டும், சாதாரணத் தீனியோடு கொடுத்தாலும் குண்டாகவில்லை. இரண்டும் சேர வேண்டியிருந்தது.

இதைப் படித்துவிட்டு அண்ணன் மகளிடம், அப்படியானால் சாப்பாடு ஃபேஜையும் தொடுமா என்று கேட்டேன். தொடும் என்றாள். 2019இல் லாக்டோபேசில்லஸ் ராய்ட்டெரி என்ற குடல் பாக்டீரியாவில் பார்த்திருக்கிறார்கள். அதன் மரபணுவுக்குள் அமைதியாக உட்கார்ந்திருக்கும் ஃபேஜை, சாப்பாட்டில் வரும் ஃபிரக்டோஸ் தட்டி எழுப்புகிறது. எழுந்தது பாக்டீரியாவை உடைத்துக்கொண்டு வெளியே வருகிறது. நான் வாயில் போடுவதற்கும் உள்ளே தூங்குவதற்கும் நேர்க்கம்பி இருக்கிறது! 'உன் நாக்கு' என்று ஒரு பக்கமும் 'உன் கிருமி' என்று இன்னொரு பக்கமும் நான் ஒன்பது வருடமாகப் பிரித்து வைத்திருந்த கணக்கு அத்தோடு கலைந்தது. நோட்டில் 211 என்று எழுதிய நாளில் நான் சாப்பிட்டதும் உண்மை, நான் ஏமாற்றவில்லை என்பதும் உண்மை.

மருத்துவர்களிடம் ஒன்றே ஒன்று கேட்பேன். என் குடலில் வேட்டைக்குரிய ஆள் இருக்கிறானா என்று பார்க்கும் காலம் வரும்வரை, எல்லாம் மனக்கட்டுப்பாடு என்று சொல்லி அனுப்பாதீர்கள். இரட்டைப் பிறவிகளின் குடலே ஒத்துப்போகாத விஷயத்தில், ஒரே வாக்கியம் எல்லோருக்கும் எப்படிப் பொருந்தும்? நான் மாத்திரையை நிறுத்தவில்லை, நடையை நிறுத்தவில்லை, சாப்பாட்டு அளவையும் பார்க்கிறேன். நோட்டு மறுபடியும் திறந்தாகிவிட்டது.

அடுத்த வாரம் ஆய்வுக்கூடத்துக்கு இன்னொரு முறை போனேன். அந்தக் கலங்கல் வட்டத்தின் நடுவில் இருந்த பாக்டீரியாவைக் கம்பி வளையத்தால் தொட்டெடுத்துத் தனியாக வளர்த்துவைத்திருந்தாள் அண்ணன் மகள். அதைப் புதுத் தட்டில் பரப்பி, அதே ஃபேஜை ஒரு சொட்டு விட்டு, ராத்திரி முழுக்க வைத்திருந்திருக்கிறாள். தட்டை வெளிச்சத்துக்குப் பிடித்துக் காட்டினாள். ஒரு ஓட்டைகூட இல்லை. பனி அப்படியே முழுசாகப் படர்ந்திருந்தது.

"ஃபேஜ் செத்துப்போச்சா?" என்றேன்.

"இல்ல அத்தை. ஏற்கெனவே உள்ள ஒண்ணு இருக்கே, அது வெளியில இருந்து வர்றதை விடாது."

தட்டைத் திரும்ப வாங்கி வெளிச்சத்தில் பார்த்தேன். எந்தப் பக்கம் திருப்பினாலும் ஒரே சீராக, மங்கலாகத்தான் தெரிந்தது.